எண்ணூர்ச் சேறும் நகலெடுக்கும் நொதிகளும்

கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கலந்து கடலைத் தொடுகிற இடம் எண்ணூர் முகத்துவாரம். அனல்மின் நிலையத்துச் சாம்பல், மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைக் கழிவு, ஊர்ச் சாக்கடை, கடல் உப்பு எல்லாம் அங்கே ஒரே சேற்றில்தான் படிகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து சேர்ந்தது. காட்டுக்குப்பத்திலும் சுற்றியுள்ள குப்பங்களிலும் மீனவர்கள் வாளியாலும் மக்காலும் எண்ணெயை அள்ளியதை ஊரே பார்த்தது. அந்தச் சேற்றில் இப்போது என்னென்ன பாக்டீரியா இருக்கிறது, எண்ணெயைத் தின்கிற வகை பெருகியிருக்கிறதா என்று கேட்பது நுண்ணுயிரியல் படிக்கிற எவருக்கும் இயல்பு. திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ வீடு இருந்தால் இன்னும் இயல்பு.

கேள்வி எளிது, பதில் சொல்லும் வழிதான் சுற்றுவழி. சேற்று பாக்டீரியாவில் பெரும்பகுதி நம் ஆய்வகத் தட்டில் வளராது. ஆகவே உயிரை வளர்க்காமல் அதன் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, எல்லா பாக்டீரியாவிடமும் இருக்கும் 16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுவை மட்டும் பிசிஆர் (சூடாக்கி ஆற்றி டிஎன்ஏவைத் திரும்பத் திரும்ப இரட்டிக்கும் முறை) மூலம் பல கோடி நகல்களாக்கி, அவற்றின் எழுத்து (ஏ, டி, ஜி, சி) வரிசையைப் படிக்கிறோம். சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள இந்த மரபணுவில் எல்லா பாக்டீரியாவுக்கும் பொதுவான பகுதிகளும் இனத்துக்கு இனம் மாறும் ஒன்பது பகுதிகளும் மாறி மாறி வரும். பொதுப் பகுதியில் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டும், மாறும் பகுதி ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

நகலெடுப்பது பாலிமரேஸ் என்ற நொதி. இங்கேதான் மாணவர்கள் திணறுகிறார்கள். விலைப்பட்டியலைத் திறந்தால் சாதா டாக், ஹாட் ஸ்டார்ட் டாக், பிஎஃப்யூ, கேஓடி, ஃபியூஷன், க்யூ5 என்று வரிசை நீள்கிறது. சாதா டாக்கைவிட உயர்வகை நொதி பல மடங்கு விலை. “மேம், இதுல எது பெஸ்ட்?” என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நகல் எடுத்த பிறகு அதை வைத்து என்ன செய்யப் போகிறாய்? அதற்குப் பதில் தெரியாமல் நொதியை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அதுவும் நம் சேற்றைப் பொறுத்தவரை, நொதிக்குக் கொட்டுகிற காசில் பாதியை வேறு இடத்தில் செலவழித்தால் முடிவு நன்றாக வரும் என்பது என் கட்சி.

டாக்கின் கதை பலருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1983இல் கேரி முல்லிஸ் பிசிஆரை யோசித்தபோது கையில் இருந்தது இ. கோலை பாக்டீரியாவின் பாலிமரேஸ் துண்டு. டிஎன்ஏவின் இரண்டு இழைகளைப் பிரிக்க 95 டிகிரி வரை சூடாக்கும்போதெல்லாம் அது செத்துப்போகும். சூடாக்கி ஆற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது சைக்கிளுக்கும், குழாயைத் திறந்து புதிதாக ஊற்ற வேண்டும். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் கண்டெடுத்து 1969இல் விவரித்த தெர்மஸ் அக்வாடிகஸ் பாக்டீரியாதான் வழிகாட்டியது. அதன் பாலிமரேஸை, அதாவது டாக்கை, 1976இலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். 1988இல் அது பிசிஆருக்குள் வந்தது. 95 டிகிரியில் சுமார் 40 நிமிடம் வைத்தால்தான் அதன் வேகம் பாதியாகும். முப்பது சைக்கிளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். 1993இல் முல்லிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

டாக்கின் குறை, அது எழுதியதைத் திரும்பிப் பார்க்காது. தவறான எழுத்தைச் சேர்த்துவிட்டால் அழித்துத் திருத்தும் உறுப்பு அதற்கு இல்லை. இத்தாலியின் வல்கனோ தீவுக் கடற்கரையில், கொதிநிலைக்கு அருகில் வாழும் பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் என்ற ஆர்க்கியாவின் (பாக்டீரியா மாதிரி தெரிந்தாலும் தனிக் குலமான நுண்ணுயிர்) நொதியிடம் அந்த உறுப்பு உண்டு. அந்தப் பாலிமரேஸ்தான் பிஎஃப்யூ. கடைசியாகச் சேர்த்த எழுத்து பொருந்தவில்லை என்றால் அதை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி எழுதும். பதிலுக்கு வேகம் குறைவு. 1,000 எழுத்துக்கு டாக் ஒரு நிமிடம் கேட்டால் பிஎஃப்யூ இரண்டு நிமிடம் கேட்கும். ஜப்பானின் கொடகாரா தீவில் கிடைத்த ஆர்க்கியாவின் கேஓடி பாலிமரேஸ் திருத்தவும் செய்யும், வேகமாகவும் ஓடும். ஃபியூஷனில், பைரோகாக்கஸ் வகைப் பாலிமரேஸோடு டிஎன்ஏவை இறுகப் பிடிக்கும் ஒரு சிறு புரதத்தை ஒட்டவைத்திருக்கிறார்கள். பிடி நழுவாததால் ஒரே மூச்சில் நீளமாக எழுதும். 1,000 எழுத்துக்கு அரை நிமிடமே போதும்.

சரி, டாக்கைவிட பிஎஃப்யூ எத்தனை மடங்கு துல்லியம்? 1996இல் வந்த ஒரு பிரபலமான ஆய்வு டாக்கின் பிழையை ஒவ்வொரு இரட்டிப்பிலும் 10 லட்சம் எழுத்துக்கு 8 என்றது, பிஎஃப்யூவுக்கு 1.3. ஆறு மடங்கு வித்தியாசம். 2017இல் ஒற்றை மூலக்கூறு சீக்வென்சிங் (ஒவ்வொரு நகலின் எழுத்து வரிசையையும் தனித்தனியே படிக்கும் முறை) வைத்து அளந்த இன்னொரு ஆய்வில் டாக் 10 லட்சத்துக்குச் சுமார் 150, பிஎஃப்யூ சுமார் 5. வித்தியாசம் கிட்டத்தட்ட முப்பது மடங்கு. அதே ஆய்வில் க்யூ5 அரைப் பிழைதான், அதாவது 20 லட்சம் எழுத்துக்கு ஒன்று. நொதிகள் பழையவைதான். அளக்கிற முறையும், நொதி வேலை செய்யும் உப்புக் கரைசலான பஃபரும், மெக்னீசிய அளவும் மாறியதால் எண் மாறிவிட்டது. முந்தைய ஆய்வு ஒரு மரபணு வேலை செய்கிறதா இல்லையா என்பதைக் தட்டில் தெரியும் நிறத்தை வைத்துக் கணக்கிட்டது. பிந்தையது ஒவ்வொரு எழுத்தாக நேரே படித்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: முதல் ஆய்வு பிஎஃப்யூ விற்ற நிறுவனத்திலிருந்து வந்தது, இரண்டாவது க்யூ5 விற்கிற நிறுவனத்திலிருந்து. பொய் என்று சொல்லவில்லை, இரண்டுமே நேர்த்தியான ஆய்வுகள். ஆனால் பெட்டியின் மேல் ‘டாக்கைவிட இத்தனை மடங்கு’ என்று பார்த்தால், எந்த டாக், எந்த பஃபர், எந்த அளவுகோல் என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

இந்த எண்கள் நம் சேற்று வேலையில் என்னவாகும் என்று ஒரு மேலோட்டமான கணக்குப் போடலாம். 16எஸ் மரபணுவின் மாறும் பகுதிகளில் மூன்றாவதும் நான்காவதும் (வி3, வி4) சேர்ந்து சுமார் 460 எழுத்து. 25 இரட்டிப்பு என்று வைத்துக்கொள்வோம். 2017 ஆய்வின் டாக் எண்ணை எடுத்தால் ஒரு நகலுக்குச் சராசரி 1.7 பிழை. பிழையே இல்லாத நகல் 100க்கு 18தான். 1996 எண்ணை எடுத்தால் 100க்கு 91 நகல் சுத்தம். க்யூ5 என்றால் 99க்கும் மேல். முதல் எண்ணைக் கேட்டதும் டாக்கைக் குப்பைத்தொட்டியில் போடத் தோன்றும். பொறுங்கள்.

தட்டில் வளர்த்த ஒரு காலனியின் பெயரைக் கண்டுபிடிக்கத்தான் 16எஸ் நகலெடுக்கிறீர்கள், அதைச் சாங்கர் முறையில் படிக்கக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் டாக்கே தாராளம். காரணம், சாங்கர் முறை ஒரு தனி நகலைப் படிப்பதில்லை, குழாயில் உள்ள கோடிக்கணக்கான நகல்களின் கூட்டு ஒளியைப் படிக்கிறது. ஒரு நகலில் 212ஆம் எழுத்து தவறு, இன்னொன்றில் 37ஆம் எழுத்து தவறு என்று பிழைகள் சிதறிக் கிடப்பதால் எந்த இடத்திலும் சரியான எழுத்தே பெரும்பான்மை. வரைபடத்தில் பிழையின் தடமே தெரியாது. எம்எஸ்சி புராஜெக்டுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். அதற்குப் போய் உயர்வகை நொதி வாங்கித் தரும் வழிகாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். கடன் வாங்கிக் காசு கட்டும் பிள்ளைகளுக்கு அது வீண் செலவு.

மொத்தச் சேற்று டிஎன்ஏவையும் நகலெடுத்து, ஒவ்வொரு நகலையும் தனித்தனியாகப் படிக்கும்போது கதை மாறுகிறது. அதிலும் பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே மாறுகிறது. பழைய முறையில் 97 சதவீதம் ஒத்துப்போகிற வரிசைகளை ஒரே இனக்குழுவாகக் கட்டிவிடுவார்கள். 460இல் 13 எழுத்து வரை வேறுபட்டாலும் ஒரே கட்டு. டாக்கின் ஒன்றிரண்டு பிழைகள் அந்தக் கட்டுக்குள் மறைந்துபோகும். 2016இல் வந்த டாடா2 மாதிரியான மென்பொருள்கள் ஒரே ஓர் எழுத்து வேறுபட்டாலும் தனி வகையாகப் பார்க்க முயல்கின்றன. சீக்வென்சர் செய்யும் பிழையை அவை கணித்துக் களையும். ஆனால் முதல் சில சைக்கிளிலேயே நொதி செய்த பிழை ஆயிரக்கணக்கில் நகலாகிப் பெருகிவிடும், அதை நிஜமான புது வகை என்றே மென்பொருள் நம்பும். இங்கே திருத்தும் நொதி தன் விலைக்கு ஈடு கொடுக்கிறது. 16எஸ் முழு நீளத்தையும் ஒற்றை மூலக்கூறாகப் படிப்பதானால் இன்னும் அதிகம். 1,500 எழுத்துக்கு முன் சொன்ன டாக் கணக்கைப் போட்டால் நகலுக்கு ஐந்தரைப் பிழை வரும். மரபணுவை வெட்டி ஒட்டி, அதிலிருந்து புரதம் உண்டாக்க வேண்டிய வேலையானால் விவாதமே வேண்டாம், திருத்தும் நொதிதான்.

எழுத்துப் பிழையைவிட எனக்குப் பெரிய தலைவலி கைமெரா. ஒரு பாக்டீரியாவின் மரபணுவை நொதி பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே சைக்கிள் முடிந்துவிடுகிறது என்று வையுங்கள். அந்த அரைகுறை நகல் அடுத்த சைக்கிளில் வேறொரு பாக்டீரியாவின் மரபணுவில் போய் ஒட்டிக்கொண்டு, மீதியை அதைப் பார்த்து எழுதி முடிக்கும். பிறப்பது கோயில் தூணில் நிற்கும் யாளி மாதிரி ஒரு பிராணி: தலை ஒன்றினுடையது, உடம்பு இன்னொன்றினுடையது, உலகில் எங்கும் கிடையாது. 16எஸ் மரபணுவில் பொதுப் பகுதிகள் நிறைய என்பதால் இப்படி ஒட்டிக்கொள்ள வசதியும் நிறைய. எண்ணூர்ச் சேற்றில் உலகுக்குப் புதிய பாக்டீரியா கண்டேன் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது எத்தனை சைக்கிள் ஓட்டினாய் என்பதைத்தான். கடைசி சைக்கிள்களில் பிரைமர் தீர்ந்து, நகல்கள் குவிந்து, ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும்போதுதான் யாளிகள் பெருகுகின்றன. பிடி நழுவாத நொதி அரைகுறை நகல்களைக் குறைக்கும், ஒழிக்காது. எழுதும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டுவதும், 35 சைக்கிளை 25 ஆக்குவதும் நொதியை மாற்றுவதற்குச் சமமாக உதவும். அதுவும் காசில்லாமல்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2019இல் ஐந்து உயர்வகை நொதிகளை 20 முதல் 35 சைக்கிள் வரை ஓட்டி ஒப்பிட்டார்கள். என்னென்ன இருக்கிறது என்று முன்பே தெரிந்த கலவை ஒரு பக்கம், மனித மல மாதிரிகள் மறுபக்கம். சைக்கிள் கூடக் கூடப் பிழையும் கைமெராவும் கூடின, நொதிக்கு நொதி வித்தியாசமும் இருந்தது. ஆனால் ஒரு மனிதருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வித்தியாசத்தின் முன் நொதிகளின் வித்தியாசம் சிறிது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: காட்டுக்குப்பத்துச் சேற்றையும் பழவேற்காட்டுச் சேற்றையும் ஒப்பிடுவதானால், ஏதோ ஒரு நல்ல நொதியை எடுத்து எல்லா மாதிரிக்கும் அதையே பயன்படுத்தினால் பெரிய உண்மைகள் தப்பாமல் வரும்.

இதையெல்லாம் பேசுவதற்கு முன்னால் பேண்ட், அதாவது நகல் கிடைத்ததைக் காட்டும் கோடு, ஜெல்லில் வர வேண்டுமே. சேற்று டிஎன்ஏவோடு வேலை பார்ப்பவர்கள் அதிகம் சொல்லும் வாக்கியம் “மேம், பேண்ட் வரல” என்பதுதான். மக்கிய இலைதழையிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் டிஎன்ஏவோடு கூடவே பிரிந்து வந்து நொதியை முடக்கிவிடும். குழாயில் டிஎன்ஏ டீத்தண்ணி நிறத்தில் இருந்தாலே புரிந்துகொள்ளலாம். டிஎன்ஏவின் சுத்தத்தை ஒளியால் அளக்கும் நானோடிராப் கருவியில் 260/230 விகிதம் 2க்குப் பக்கத்தில் இல்லாமல் 1க்கும் கீழே விழும். நொதிக்கு மெக்னீசியம் அவசியம், சேற்றிலிருந்து வரும் கால்சியம் அந்த இடத்துக்குப் போட்டி போடும். சாதா டாக் இதில் சீக்கிரம் சுருண்டுவிடும். தெர்மஸ் தெர்மோஃபிலஸின் டிடிஹெச் பாலிமரேஸும், முன்பகுதியை வெட்டிய சில டாக் வகைகளும், டிஎன்ஏ பிடிக்கும் புரதம் ஒட்டிய நொதிகளும் அதிகம் தாங்கும். ஆனாலும் புது நொதிக்கு ஆர்டர் போடும் முன் இரண்டு காரியம் செய்து பாருங்கள். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து ஓட்டுங்கள்: டிஎன்ஏ குறைந்தால் தடுப்பானும் குறையும், பல சமயம் பேண்ட் அங்கேயே வந்துவிடும். வரவில்லையென்றால் கொஞ்சம் பிஎஸ்ஏ புரதம் சேருங்கள், ஹியூமிக் அமிலம் நொதியை விட்டு அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால், சேற்றுக்கென்றே விற்கும் பிரித்தெடுக்கும் கிட்டுக்குக் காசு ஒதுக்குங்கள். முன்னே சொன்ன அந்தப் பாதிக் காசு போக வேண்டிய இடம் இது.

மீதிக் காசு நெகட்டிவ் கன்ட்ரோலுக்கு, அதாவது டிஎன்ஏ போடாமல் வெறும் தண்ணீர் மட்டும் போட்டு ஓட்டும் குழாய்க்கு. நாம் வாங்கும் பாலிமரேஸ் வெந்நீர் ஊற்றிலிருந்து வருவதில்லை, பெரும்பாலும் இ. கோலைக்குள் உண்டாக்கிப் பிரித்தெடுத்தது. சுத்தம் செய்தாலும் அந்த பாக்டீரியாவின் டிஎன்ஏ துளித்துளியாக ஒட்டிக்கொண்டு வரும். மனித மரபணுவைத் தேடுகிறவருக்கு அது பொருட்டே இல்லை. எல்லா பாக்டீரியாவையும் பிடிக்கும் பிரைமர் போடுகிற நமக்கு, நொதியே ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. கொழுகொழுவென்ற சேற்றில் இது மூழ்கிப்போகும். ஆனால் குடிநீர், சுத்திகரித்த நீர், காற்று வடிகட்டி மாதிரி பாக்டீரியா குறைந்த மாதிரிகளில் 35 சைக்கிள் ஓட்டினால் வெறும் தண்ணீர்க் குழாயிலும் பேண்ட் தெரியும். டிஎன்ஏ நீக்கியது என்று தனியாக விற்கும் நொதிகள் இதற்குத்தான். வெறும் தண்ணீர்க் குழாயையும் சேர்த்தே சீக்வென்சிங்குக்கு அனுப்ப வேண்டும். ஜெல்லில் ஒன்றும் தெரியவில்லை என்பது போதாது.

திருத்துவது எல்லா நேரமும் நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. எண்ணெய் தின்னும் பாக்டீரியாவைத் தேட 16எஸ் போதாது. எண்ணெயில் உள்ள ஆல்கேனை உடைக்கும் நொதியின் மரபணுவான ஆல்க்-பி போன்றவற்றைப் பிடிக்க வேண்டும். அது இனத்துக்கு இனம் நிறைய மாறும், அதனால் சில இடங்களில் எந்த எழுத்தானாலும் பரவாயில்லை என்கிற பிரைமர் தேவைப்படும். அதற்குச் சிலர், பல எழுத்துகளோடும் இணையக்கூடிய இனோசின் போட்ட பிரைமர் வாங்குவார்கள். பிஎஃப்யூ மாதிரியான ஆர்க்கியா நொதிகள் யுராசிலையோ (ஆர்என்ஏவில் டிக்குப் பதிலாக வரும் எழுத்து) இனோசினையோ கண்டால் அப்படியே நின்றுவிடும். டாக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். பழைய நகல் காற்றில் பறந்து புதுக் குழாயில் விழாமல் இருக்க யுராசில் போட்டு நகலெடுக்கும் ஆய்வகங்களுக்கும் இதே சிக்கல். அதற்கென்று திருத்தி அமைத்த வகைகளும் விற்கின்றன, ஆனால் சாதா பிஎஃப்யூ வாங்கிவிட்டுப் பிரைமரைத் திட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

காசநோய்ப் பரிசோதனையிலும் இப்படித்தான். அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் என்று சொல்கிறார்களே, அந்த ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரம் காசநோய்க் கிருமியின் ஆர்பிஓ-பி மரபணுவில் 81 எழுத்துப் பகுதியை நகலெடுத்து, ஒளிரும் சிறு டிஎன்ஏ துண்டுகளான புரோபுகளை ஒட்டவைத்து, ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஒப்புக்கொண்ட முறை அது. 81 எழுத்தில் ஏதோ சில நகல்களில் பிழை விழுந்தால் கூட்டு ஒளி மாறாது. அங்கே முக்கியம் சளியில் உள்ள அழுக்கைத் தாங்குவதும், சூடான பிறகே வேலையைத் தொடங்கும் ஹாட் ஸ்டார்ட்டும்தான். நகல் பெருகப் பெருக ஒளியை அளக்கும் ரியல் டைம் பிசிஆரின் இன்னொரு வகையான டாக்மேனில் டாக்கின் ஒரு குணமே அடிப்படை: வழியில் ஒட்டியிருக்கும் புரோபை முன்னாலிருந்து கத்தரித்து ஒளியை விடுவிக்கும். பிஎஃப்யூவால் அது முடியாது. கடைசி எழுத்துப் பொருந்தாவிட்டால் நகலாகக் கூடாது என்று பிரைமரை வடிவமைத்து மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் முறையிலோ, திருத்தும் நொதி அந்தக் கடைசி எழுத்தையே வெட்டித் திருத்தி எழுதிவிடும். எல்லாக் குழாயிலும் பேண்ட் வரும், முடிவு நாசம்.

ஹாட் ஸ்டார்ட்டைப் பற்றி நம் ஊர் நிலைமையில் ஒரு வார்த்தை. சாதா டாக் அறை வெப்பத்திலேயே மெதுவாக வேலையைத் தொடங்கிவிடும். பிரைமர்கள் கண்ட இடத்தில் ஒட்டிக் கிடக்கும் நேரம் அது, தொடங்கினால் வேண்டாத பேண்டுகள்தான் மிச்சம். மே மாதம், ஏசி ஓடாத அறையில், ஐஸ் உருகிக்கொண்டிருக்க இருபது குழாய்க்குப் பிரித்து ஊற்றுகிற மாணவருக்கு ஹாட் ஸ்டார்ட் ஆடம்பரம் இல்லை. ஆன்டிபாடியால் கட்டிவைத்த நொதி முதல் சூட்டில்தான் விடுபடும். கொஞ்சம் அதிக விலை, ஆனால் துல்லியத்துக்குக் கொடுக்கும் விலையைவிட இதற்குக் கொடுப்பதை நான் முதலில் சிபாரிசு செய்வேன். நொதி கிளிசரால் கலந்து மைனஸ் 20இல் உறையாமல் இருக்கும். பனிக்கட்டி தானாக உருக்கும் வீட்டு ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அங்கே வைக்க வேண்டாம்.

உங்கள் சேற்றுக்கு எது பொருந்தும் என்று நீங்களே ஒப்பிட நினைத்தால் பெரிய செலவில்லை. ஆய்வகத்திலேயே இருக்கும் இ. கோலை, பேசில்லஸ் சப்டிலிஸ், சூடோமோனாஸ் எருஜினோசா மாதிரி வளர்ப்புகளின் டிஎன்ஏவைத் தெரிந்த அளவில் கலந்து ஒரு போலிச் சமூகம் செய்துகொள்ளலாம். அதை எல்லா நொதியிலும் ஒரே சைக்கிளில் ஓட்டிப் பாருங்கள். கலந்த விகிதமே திரும்பி வரவில்லையே என்று நொதியைக் குறை சொல்லும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: இ. கோலையில் 16எஸ் மரபணு 7 பிரதி, பேசில்லஸ் சப்டிலிஸில் 10, சூடோமோனாஸ் எருஜினோசாவில் 4. காசநோய்க் கிருமியில் ஒன்றே ஒன்று, அதன் டிஎன்ஏவில் ஜி, சி எழுத்துகள் 65 சதவீதத்துக்கும் மேல் என்பதால் இழைகள் பிரிவதும் கடினம். அந்த மாதிரி டெம்ப்ளேட்டுக்கு (நகலெடுக்கக் கொடுக்கும் மூல டிஎன்ஏ), இழைகள் பிரிய உதவும் டிஎம்எஸ்ஓ அல்லது பீட்டெய்ன் சேர்த்தால் சில நொதிகள் திடீரென்று திறமைசாலி ஆகிவிடும்.

ஆய்வேட்டில் ‘டாக் பாலிமரேஸ் பயன்படுத்தப்பட்டது’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவதை மட்டும் நிறுத்துங்கள். நொதியின் முழுப்பெயர், பஃபர், மெக்னீசியம், டெம்ப்ளேட் அளவு, சைக்கிள் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்க வேண்டும். எண்ணூரில் இனி வருஷா வருஷம் யாராவது சேறு எடுப்பார்கள். ஒருவர் டாக்கில் 35 சைக்கிளும், அடுத்தவர் க்யூ5இல் 25 சைக்கிளும் ஓட்டியிருந்தால், இரண்டுக்கும் நடுவில் தெரியும் வித்தியாசத்தில் ஆறு எவ்வளவு, நொதி எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நொதியை மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழைய சேற்று டிஎன்ஏவில் கொஞ்சம் மைனஸ் 20இல் எடுத்து வைத்து, அதைப் பழைய நொதியிலும் புதிய நொதியிலும் ஒருசேர ஓட்டி, இரண்டு முடிவையும் இணைப்பில் கொடுத்துவிடுங்கள்.